ஓவர்கிளாக் செய்யும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போன் பண்ணியபோது கடையில் ஆள் காத்துக்கொண்டிருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. பிராசசரை ஓவர்கிளாக் பண்ணினால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், கேம் வேகமாக ஓடுமா என்று கேட்டாய். உன் மெஷினில் அதனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். காரணத்தை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓவர்கிளாக் என்றாலே எல்லோர் வாயிலும் இன்டெல்லின் செலரான் 300ஏ பிராசசர் தான். 1998ல் வந்தது. 300 மெகாஹெர்ட்ஸ் என்று விற்ற அந்த சிப்பை, மதர்போர்டில் பஸ் வேகத்தை (சிப் மற்ற பாகங்களோடு பேசும் வேகம்) 66லிருந்து 100க்கு மாற்றினால் 450ல் ஓட்டலாம். எல்லா சிப்பும் ஓடாது, ஆனால் நிறைய ஓடின. விலை எங்கோ இருந்த பென்டியம் 2 கேமில் கொடுத்த வேகத்தை இந்த மலிவான சிப் கிட்டத்தட்ட எட்டிவிடும். 2011ல் வந்த இன்டெல் ஐ5 2500கே கூட அப்படித்தான். 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும், நல்ல கூலர் இருந்தால் 4.5ஐத் தொடும். இணையத்தில் நீ பார்க்கிற பேச்சில் பாதி அந்தக் காலத்து அனுபவம்.

இப்போது சிப்பில் அப்படி மிஞ்சியிருக்கும் வேகத்தை நமக்கு விடாமல் கம்பெனிகளே எடுத்துக்கொள்கின்றன. உன் ரைசன் 5 5600 பெயருக்கு 3.5 கிகாஹெர்ட்ஸ். சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் தானாகவே 4.4 வரை ஏறிக்கொள்ளும். நீ கேட்கிற 4.7க்குக் கொண்டுபோனாலும் கூடுவது 7 சதவீதத்துக்குள்தான். கேம் முழுக்க முழுக்க பிராசசருக்காகவே காத்திருந்தால்கூட நொடிக்கு வருகிற 100 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்) 107 ஆகும், அவ்வளவுதான்.

பெரும்பாலான நேரம் அது பிராசசருக்காகக் காத்திருப்பதே இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், குண்டு எங்கே போகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்பதைப் பிராசசர் கணக்குப் போட்டுக் கொடுக்கும். வரைவது கிராபிக்ஸ் கார்டு. வீட்டில் ஒரே ஒரு தோசைக்கல் இருக்கும்போது மாவை எவ்வளவு சீக்கிரம் அரைத்தாலும் தோசை சீக்கிரம் வராது. சைபர்பங்க் 2077ஐ 1440பி திரையில், ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் ரே டிரேசிங்கோடு ஓட்டுகிறாய். அங்கே உன் கார்டுதான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பயன்பாடு 97, 99 என்று நின்றால் பிராசசரைத் தொடாதே. சந்தேகமாக இருந்தால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பார். ஃப்ரேம் நன்றாக ஏறினால் கார்டு தடுக்கிறது. ஏறவே இல்லையென்றால் தடை பிராசசர் பக்கம்.

வேலரன்ட் மாதிரி கேமில் தடை பிராசசர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் உன் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் காட்ட முடிகிறதைவிட அதிக ஃப்ரேம் இப்போதே வருகிறதே.

எனக்கு உறுத்துவது நீ சொன்ன அந்தத் திணறல். சராசரி நன்றாக இருந்து நடுநடுவே வெட்டுகிறது என்றால் நான் முதலில் ரேமைத்தான் பார்ப்பேன். போன மாதம் பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணினேன் என்றாயே, அதில் பழைய செட்டிங் எல்லாம் போயிருக்கும். 3600 ரேம் 2666லோ 2133லோ ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே வேகம் தெரியும். குறைவாக இருந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, மறுபடி போடு. அப்படியே ரேமின் இரண்டு குச்சியும் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட்டில் இருக்கிறதா என்றும் பார்.

மெமரிக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று நினைக்காதே. கேட்ட தகவல் பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன மெமரியான கேஷில் இல்லாமல் ரேம் வரை போக வேண்டி வந்தால், பிராசசர் நூற்றுக்கணக்கான கிளாக் சும்மா நிற்கிறது. 2022ல், உன் ரைசனைச் செய்யும் ஏஎம்டி விட்ட 5800எக்ஸ்3டி பிராசசரைப் பார். அதற்கு முந்தைய 5800எக்ஸின் அதிகபட்ச வேகமான 4.7ஐ 4.5 ஆகக் குறைத்து, எல்3 கேஷை மட்டும் 32லிருந்து 96 எம்பி ஆக்கினார்கள். ஓவர்கிளாக் பண்ணவே முடியாதபடி பூட்டியும் விட்டார்கள். அப்படியும் நிறைய கேம்களில் அதுதான் முந்தியது. நான் உனக்குச் சொல்ல வருவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அப்புறம் நாக்பூர் வெயில். வோல்டேஜை 10 சதவீதம் ஏற்றினால் மின்சாரம் 10 சதவீதம் ஏறாது. அது வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறுகிறது, 21 சதவீதம். கூட்டிய வேகத்தையும் சேர்த்தால் 29 சதவீதம் வரும். 7 சதவீத வேகத்துக்கு அவ்வளவு சூடு! அங்கே மே மாதம் வெளியே 45 டிகிரி, நீ இருப்பதோ மொட்டை மாடி அறை. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ அத்தனையும் சிப்பின் மேல் ஏறும். பெட்டியோடு வந்த அந்தச் சின்ன கூலர் தாங்காது. 90ஐத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

அதிக வோல்டேஜ் சிப்பைத் தேய்க்கும் என்பதும் வெறும் பயமுறுத்தல் இல்லை. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் கேமில் கிராஷ் ஆனதற்கு அளவுக்கு மீறிய வோல்டேஜ்தான் காரணம் என்று 2024ல் இன்டெல்லே சொல்லி, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது.

ஆனாலும் உனக்குக் கை பரபரக்கும் என்று தெரியும். கற்றுக்கொள்ளத்தான் என்றால் தாராளமாகச் செய். எல்லா கோரையும் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஒரே வேகத்தில் நிறுத்தி வைக்காதே. பயாஸில் பிபிஓ என்ற பகுதிக்குள், கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் இருக்கும். அதில் மைனஸ் 10 போட்டு ஆரம்பி. குறைந்த வோல்டேஜில் அதே வேகம், சில நேரம் கொஞ்சம் கூடவும் கிடைக்கும், சூடும் குறையும். ஒரு வாரம் வழக்கம்போல விளையாடு. சும்மா இருக்கும்போதுகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்கு. ஆகிவிட்டால் ஒரு படி பின்னால் வா.

அதற்கு முன்னால் கேபினட்டைத் திறந்து தூசி தட்டு. ரேம் வேகம், கார்டு பயன்பாடு, விளையாடும்போது பிராசசரின் சூடு, மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. கூலர் மாற்ற வேண்டி வந்தால் நீயாக எதையும் ஆர்டர் பண்ணாதே, உன் கேபினட்டுக்குப் பொருந்துகிற உயரம் பார்த்து நானே கூரியரில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா