பிரிண்டரை வைஃபையில் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் குடியிருப்பில் வைஃபையோடு ஒட்டாமல் கிடந்த வீட்டு பிரிண்டர்களை வழிக்குக் கொண்டுவந்த உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். நீங்கள் செய்ததை விவரமாக எழுதிவைத்தால் அடுத்த வீட்டுக்கும் உதவும் என்பதால் நன்றியோடு அதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி மூன்றாம் மாடி அண்ணனுக்கு. "புது பிரிண்டர் வாங்கணுமா?" என்று கேட்டவர்களிடம், "முதலில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடியுங்கள்" என்றார். எந்தப் பொத்தானை அழுத்தினால் அந்தத் தாள் வரும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அதில் ஐபி முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அந்தக் கருவிக்குரிய எண்ணைப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். 0.0.0.0 என்றிருந்தால் பிரிண்டர் ரவுட்டரோடு சேரவே இல்லை. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி தராததால் பிரிண்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 192.168 என்று ரவுட்டரின் வரிசையிலேயே இருந்தால் பிரிண்டர் மேல் பெரும்பாலும் குற்றமில்லை. கம்ப்யூட்டரைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) நான்கு முறை அழித்து ஏற்றுவது வீண் வேலை.

சேரவே சேராத பிரிண்டர்களை எடுத்துக்கொண்ட கல்லூரித் தம்பிகளுக்கு அடுத்த நன்றி. வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே பிடிக்கும். புது ரவுட்டரோ 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். செல்போன் 5-இல் இருந்துகொண்டு பிரிண்டரை அமைக்கப் பார்க்கும்போது பல நேரம் இடறுகிறது. இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்தீர்கள். அதிலும் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் 2.4-க்கே விட்டுவிட்டு 5-க்குப் புதுப் பெயர் வைத்தீர்களே, அது நல்ல யோசனை. பழைய கருவிகள் எதிலும் மறுபடி பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கவில்லை.

வைஃபையின் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்த இடங்களில் அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் ஆக்கினீர்கள். பழைய பிரிண்டருக்கு டபிள்யூபிஏ3 புரியாது, பாஸ்வேர்டு போடாமலே கருவியைச் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானும் அந்த முறையில் வேலை செய்யாது. 2.4 அலையின் சேனலை (அலைவரிசையின் உட்பிரிவை) ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11-இல் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்தி, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்தீர்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி இருந்தாலும், சில கருவிகளின் கண்ணுக்கு 12, 13 தெரிவதில்லை. விருந்தினர் வைஃபையில் பிரிண்டரைச் சேர்த்திருந்த வீட்டிலும் காரணத்தைச் சரியாகப் பிடித்தீர்கள்: அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி சுவர் போட்டிருக்கும்.

கரண்ட் போய் வந்ததும் 'ஆஃப்லைன்' காட்டும் நோயைத் தீர்த்தது நெட் கனெக்‌ஷன் பார்க்கும் தம்பி. ரவுட்டர் மறுபடி எழும்போது முகவரிகளைப் புதிதாகப் பங்கிடலாம். கம்ப்யூட்டர் பழைய முகவரிக்கே தாளை அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், பிரிண்டரின் அடையாளமான 12 எழுத்து மேக் முகவரிக்கு ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்கினார். விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் பகுதிக்குப் போய் பிரிண்டரைத் தானே தேடிப் பிடிக்கும் டபிள்யூஎஸ்டி போர்ட்டுக்குப் பதிலாக, அதே ஐபிக்கு நேராக அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட் சேர்த்தார். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன்.

வரிசையில் சிக்கி நின்ற தாள்களை விடுவித்த பன்னிரண்டாம் வகுப்புத் தங்கைக்கும் நன்றி. விண்டோஸில் அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் உள்ளதை மட்டும் அழித்து, மறுபடி ஓடவிடுவது. ஃபோல்டரையே அழித்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாயம்மா.

நேரில் பாராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறோம். டிரைவர் இல்லாமலே செல்போன் பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது என்றால், கருவிகள் தம் பெயரைத் தாமே அறிவித்துக்கொள்ளும் முறையை வகுத்த ஸ்டூவர்ட் செஷயரின் உழைப்பு அதில் இருக்கிறது. லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் தாள் வருகிறது என்றால், மைக்கேல் ஸ்வீட் 1999-இல் வெளியிட்ட கப்ஸ் என்ற அச்சு மென்பொருளும், லினக்ஸில் அச்சடிப்பைக் கவனிக்கும் ஓபன்பிரிண்டிங் திட்டத்தை நடத்திவரும் டில் காம்பெட்டரும் காரணம்.

வீட்டாருக்கு ஒன்று. அச்சடித்த விவரத் தாளைப் பிரிண்டர் மூடிக்குள் மடித்து வையுங்கள். ரவுட்டரை மாற்றினால், புதியதன் 2.4-க்குப் பழைய பெயர், பழைய பாஸ்வேர்டு, பழைய பாதுகாப்பு முறை மூன்றையும் அப்படியே கொடுங்கள். பிரிண்டர் தானாக வந்து சேர்ந்துகொள்ளும். ஐபி ஒதுக்கீட்டை மட்டும் மறுபடி செய்ய வேண்டும்.

நன்றியுடன்,
குடியிருப்பின் எல்லா வீட்டாரும்