பிரெஞ்சுப் பாட்டுக்குப் பேச்சு அகராதி போதாது: குரல்வங்கி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

பாடும் மென்பொருளுக்குப் பிரெஞ்சுக் குரல்வங்கியும் (ஒரு பாடகரின் ஒலிகளைப் பதிந்த தொகுப்பு) ஒலிப்பு அகராதியும் (எந்தச் சொல்லுக்கு எந்த ஒலிகள் என்ற பட்டியல்) உருவாக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். யமஹாவின் பாடும் மென்பொருளான வோக்கலாய்டு 2004இல் விற்பனைக்கு வந்தது. ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், சீனம் என்று அதற்குக் குரல்கள் வந்தன. பிரெஞ்சுக்கு இடம் கிடைக்கவில்லை. வேறு மொழிக் குரலை வளைத்து நெளித்துப் பிரெஞ்சு பாடவைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். நீங்கள் இந்த வேலையில் இறங்கியதில் மெத்த மகிழ்ச்சி. ஒலிப்பதிவு தொடங்குமுன் ஒரு கோரிக்கை: இன்று பாரிஸில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் வைத்து ஒலிப்பட்டியலை முடிவு செய்யாதீர்கள்.

முதல் தலைவலி, சொல்லின் கடைசியில் நிற்கும் அந்த ஊமை 'e' எழுத்து. பேச்சில் அது பெரும்பாலும் விழுந்துவிடும். பாட்டில் எழுந்து உட்காரும். 'ஃப்ரேர் ஜாக்' குழந்தைப் பாட்டையே எடுங்கள். பேசினால் இரண்டே அசை. பாடினால் 'ஃப்ரே-ர-ஜா-க' என்று நான்கு சுரம், நான்கு அசை. பின்னால் வரும் 'மத்தீன்' என்ற சொல்லும் அப்படித்தான், இரண்டு அசை மூன்றாகிவிடும். பேச்சு அகராதியை அப்படியே ஏற்றினால், சுரம் இருக்கும், அசை இருக்காது. மென்பொருள் முந்தைய உயிரை இழுத்துச் சமாளிக்கும், கேட்கச் சகிக்காது. சரி, ஆங்கிலக் குரலில் உள்ள தளர்ந்த உயிரை ('about' சொல்லின் முதல் ஒலி) கடன் வாங்கலாமே என்றால் அதுவும் ஒட்டாது. பிரெஞ்சில் இந்த ஒலிக்கு உதடு குவிகிறது. எனவே இதைத் தனி உயிராக, நீட்டிப் பாடிப் பதிவு செய்யுங்கள். அகராதியில் 'வந்தாலும் வரலாம்' என்று ஓர் அடையாளம் போதும். சுர எண்ணிக்கையைப் பார்த்து மென்பொருள் முடிவெடுக்கட்டும்.

மூக்கொலி உயிர்கள் நான்கு. பழுப்பு நிறத்தைக் குறிக்கும் சொல்லும் இழையைக் குறிக்கும் சொல்லும் பாரிஸில் பலர் வாயில் ஒரே ஒலியாகிவிட்டன. தெற்குப் பிரான்சிலும் கனடாவின் கியூபெக்கிலும் இன்னும் வேறுவேறு. மூன்று போதும் என்று சிக்கனம் பார்க்காதீர்கள். நான்கையும் பதிந்து வைத்தால், பாரிஸ் பாணி வேண்டியவர் இரண்டை ஒன்றாக்கிக்கொள்வார். ஒன்றாகப் பதிந்ததைப் பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. இன்னொன்று, உயிருக்குப் பின்னால் ஒரு 'ன்' ஒட்டி வேலையை முடிக்கும் குறுக்குவழி வேண்டாம். பேச்சுத் தமிழில் 'மரம்' என்று சொல்லும்போது கடைசியில் உதடு மூடாமல் மூக்கிலேயே முடிகிறதே, கிட்டத்தட்ட அதுதான் இங்கே வேண்டியது. நீண்ட சுரத்தில் நாக்கு எங்கேயும் தொடக்கூடாது.

'ர'வுக்கு ஒரே விடை கிடையாது. ஓபராவிலும் கலைப்பாடல்களிலும் நெடுங்காலம் நுனிநாக்கு 'ர'தான் வழக்கம். பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் தொண்டையில் உருட்டியதை உலகமே கேட்டிருக்கிறது. இன்றைய பேச்சில் வருவது தொண்டை உரசல்; 'த', 'க' போன்றவற்றுக்குப் பின்னால் அது வெறும் காற்றாகவே ஆகிவிடும். அந்த உரசலைச் சுரத்தில் நீட்டினால் பாடகர் காறுவதுபோல் இருக்கும். மூன்றையும் தனித்தனியாகத் தாருங்கள், பாட்டுக்கு ஏற்றதை நாங்கள் தேர்ந்துகொள்கிறோம்.

அப்புறம் சொல் இணைப்பு. 'லே', 'அமி' (நண்பர்கள்) சேர்ந்தால் 'லே ஸமி'. அந்த இடை ஒலி அடுத்த சுரத்தின் தலையில் ஏற வேண்டும், முந்தையதன் வாலில் தொங்கக்கூடாது. ஆனால் எல்லா இடத்திலும் இணைத்துவிட்டால் வம்பு: 'லே ஏரோ' (வீரர்கள்) என்பது 'லே ஸேரோ' (பூஜ்யங்கள்) ஆகிவிடும்! இணையக்கூடாத சொற்களுக்கு அகராதியிலேயே தடை போடுங்கள். 'து', 'தி' என்பதை 'த்ஸு', 'த்ஸி' என்று சொல்லும் கியூபெக் உச்சரிப்பைப் பிறகு கூடுதல் தொகுப்பாகத் தந்தாலும் போதும், அவசரமில்லை.

இவை எல்லாமே ஒலிப்பதிவு நாளில் செய்யவேண்டியவை. பட்டியலில் சில வரிகள் கூடும், பாடகருக்குக் கூடுதலாக அரைநாள் ஆகலாம். பட்டியலின் வரைவைப் பதிவுக்கு முன்பே பொதுவில் வைத்தால், நாங்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும் ஒரு பயனர்