பழைய வேட்டி தந்தவர்களுக்கும் அதைத் தைத்துத் தந்த அக்காவுக்கும்

அன்புடையீர்,

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணிக் கரையில் வந்த வெள்ளத்தில் என்ன நடந்தது என்பதை நான் மறுபடியும் எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நகர முடியாமல் நின்றதையும் எல்லோரும் அறிவீர்கள். தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்குப் பக்கத்தில், கைக்குழந்தையோடும் நான்கு வயது மகளோடும் மாடியேறி உயிர் பிழைத்தவள் நான். தைப்பொங்கல் கழிந்தும் வீட்டுச் சுவரில் ஈரம் காயவில்லை என்றாலும், உதவியவர்களுக்கு நன்றி சொல்லாமல் அடுத்த வேலையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

படகுகளோடு ஓடி வந்த மீனவச் சகோதரர்கள், வெளிமாவட்டங்களிலிருந்து வந்து இரவு பகலாக மின்கம்பம் நட்ட ஊழியர்கள், எங்கள் வீட்டுச் சேற்றைத் தங்கள் வீட்டுச் சேறாக நினைத்து அள்ளிய தூய்மைப் பணியாளர்கள், முழங்கால் நீரில் நடந்து வந்து குழந்தையைப் பார்த்துச் சென்ற கிராம சுகாதாரச் செவிலியர், பெயரைக்கூடச் சொல்லாமல் வேனில் அரிசியும் பாய்களும் இறக்கிவிட்டுப் போன இளைஞர்கள் என அனைவருக்கும் என் குடும்பம் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் இந்த மடலை நான் எழுதத் தொடங்கியது எங்கள் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுக்காக. பெயரை எழுதக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை.

நிவாரணப் பொருள்களோடு வந்த கடை டயப்பர்களை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்களில் துணி துவைப்பதை யார் நினைக்க முடியும்? அந்தப் பொட்டலங்கள்தான் அப்போது எங்களைக் காப்பாற்றின. பிறகு அவை தீர்ந்துபோயின; வாங்கக் கையில் பணமில்லை; குழந்தையின் தொடையிடுக்கும் சிவந்து புண்ணாகத் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்கென்று அம்மா பல வருடங்களாகச் சேர்த்து வைத்துக் கொடுத்த பழந்துணி மூட்டை வெள்ளத்தோடு போய்விட்டது. எத்தனை பணம் கொடுத்தாலும் கடையில் வாங்க முடியாத பொருள் அது. பல வருடம் உடுத்தி, துவைத்து, வெயிலில் காய்ந்து மெத்தென்று ஆன பருத்தித் துணிக்கு ஈடாகப் புதுத்துணி எதுவும் இல்லை என்பது பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் தெரியும்.

வேறு வழியின்றி என் பாவாடை ஒன்றைக் கிழித்து மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டிருந்தேன். அந்தக் கிழிசல்களைத் தெருவிலிருந்தே பார்த்து அக்கா விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறார். நான் அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தண்ணீர் வண்டிகள் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, ஒரு சாயங்காலம் துணி மூட்டையோடு வந்து நின்றார். "புதுத்துணி பச்சப்பிள்ளைக்கு உறுத்தும்லா, அதான் பழசாப் பார்த்து வாங்கிட்டு வந்தேன்" என்றார். வெள்ளம் எட்டாத ஊர்களில் இருந்த தம் உறவினர் வீடுகளில் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கி, கொதிநீரில் போட்டு எடுத்து, நல்ல வெயிலில் காயவைத்து, வெட்டித் தைத்துக் கொண்டு வந்திருந்தார். அவருடைய தையல் இயந்திரமோ நீரில் மூழ்கி, மோட்டார் வீணாகி, சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. அவ்வளவு துணியையும் கையால் தைத்திருக்கிறார்!

எட்டு முழ வேட்டி ஒன்றை அகலத்தில் இரண்டாகவும் நீளத்தில் ஆறாகவும் வெட்டினால், ஏறக்குறைய இரண்டடிச் சதுரமாகப் பன்னிரண்டு துணிகள் கிடைக்கின்றன. ஓரத்தை மடித்துத் தைத்தால் அந்தத் தடிப்பு குழந்தையின் தொடையில் அழுத்தும் என்பதால், அவர் மடிக்காமல், நூல் பிரியாதபடி மட்டும் ஓரத்தைச் சுற்றித் தைத்திருந்தார். சொரசொரப்பான கரையை முன்பே கிழித்து எடுத்துத் தனியாகச் சுருட்டி வைத்திருந்தார். துணியை முக்கோணமாக மடித்து, இரு முனைகளை இடுப்பில் சுற்றி, மூன்றாம் முனையைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து தொப்புளுக்குக் கீழே தளர்வாக முடிய வேண்டும் என்று என் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். கஞ்சியும் சொட்டுநீலமும் வாசனைத் திரவமும் வேண்டாம், சோப்பு நுரை முழுவதும் போகும்வரை அலச வேண்டும், மார்கழிப் பனி இறங்குமுன் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவற்றைக் கட்டத் தொடங்கிய பிறகு புண் ஆறியது, குழந்தையும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதன் பிறகு வந்த மத்தியான வேளைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு மெத்தை தைத்தோம். நூல்சேலைகளாகப் பார்த்து எடுத்து, ஈரம் உறிஞ்சாத பாலியஸ்டர் சேலைகளை ஒதுக்கி, நான்கைந்து மடிப்பாக அடுக்கி, விரலிடை விட்டு ஓட்டுத்தையல் போட்டோம். சுருட்டி வைத்திருந்த வேட்டிக் கரை அந்த மெத்தையின் ஓரத்துக்குப் பட்டியாக வந்தபோதுதான், அவர் அதை ஏன் எறியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மிச்சத் துணியில் சின்னத் தலையணை ஒன்று தைக்கலாமா என்று கேட்டேன். பச்சைக் குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்று செவிலியர் சொன்னதை நினைவுபடுத்தி மறுத்துவிட்டார். அந்த மிச்சத்தில் என் மூத்தவளுக்கு ஒரு பாவாடை பிறந்தது.

இதற்கு முன்பே, வெள்ளம் வடிந்த கையோடு கிறிஸ்துமஸ் வந்திருந்தது. மற்ற வருடங்களில் அக்கா வீட்டு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தெரு முழுவதும் வரும். இந்த முறை எண்ணெய்ச் சட்டி வைக்க வழியில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்த உடன்குடிக் கருப்பட்டியும் நிவாரணப் பையில் வந்த பொட்டுக்கடலையும்தான் இருந்தன. மின்சாரம் இல்லாததால் பொட்டுக்கடலையை உரலில் இடித்துச் சலித்து, கருப்பட்டியைச் சிறிது நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, கம்பிப் பதம் வரும்வரை காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டுச் சூட்டோடு சூடாக உருண்டை பிடித்தார். முழுக் கடலை சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதற்காக மாவைத் திரும்பத் திரும்பச் சலித்தார். சர்ச்சுக்குப் போகிற பிள்ளை, கோயிலுக்குப் போகிற பிள்ளை, பள்ளிவாசலுக்குப் போகிற பிள்ளை என்று பார்க்காமல் தெருவிலிருந்த ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஓர் உருண்டை இருந்தது. அன்றுவரை பயத்தில் சரியாகச் சாப்பிடாமல் இருந்த என் மூத்தவள் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.

தைப்பொங்கலையும் அப்படித்தான் கடந்தோம். இரவல் பானையில் பொங்கலிட்டு, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த பனங்கிழங்கை நார் உரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மூத்தவள் சிறுவீட்டுப் பொங்கல் வேண்டும் என்று அடம்பிடித்தபோது, வெள்ளம் வாசலில் விட்டுப்போன வண்டலைக் குழைத்துச் சிறுவீடு கட்டிக் கொடுத்ததும் அக்காதான். அந்தப் புதுப்பாவாடையை உடுத்திக்கொண்டு அவள் கருப்பட்டிப் பொங்கல் வைத்தாள்.

பிள்ளை வளர்க்கப் பெரும் பணம் வேண்டும் என்று இளம் தாய்மார்கள் எல்லோரும் பயந்துபோயிருக்கிறோம். கடைப் பொருள்களை வாங்குகிறவர்களை நான் தவறாக எண்ணவில்லை. பயணத்துக்கும் வேலைக்குப் போகும் நேரத்துக்கும் அவை தேவைதான். ஆனால் ஊசி, நூல், கொஞ்சம் பழந்துணி, சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தால் ஒரு குழந்தையின் முதல் வருடத்தில் பாதிச் செலவு குறைந்துவிடும் என்றே இப்போது நான் நம்புகிறேன். அந்த ஒருவரைத்தான் நாம் தேடிப் போகாமல் விட்டுவிட்டோம் என்று தோன்றுகிறது.

அக்காவின் இயந்திரத்துக்குப் புது மோட்டார் வாங்கத் தெருவார் எல்லோரும் பணம் போட்டு வருகிறோம். என் பங்காக நான் ஒன்றை முடிவு செய்திருக்கிறேன். எங்கள் ஊரில் இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வேட்டிக்குரிய பன்னிரண்டு துணிகளையும் ஒரு மெத்தையையும் நானே தைத்துக் கொடுப்பேன். ஆடி மாதத்துக்குள் எங்கள் தெருவில் இரண்டு பிள்ளைப்பேறு இருக்கிறது. ஆகவே, பழைய பருத்தி வேட்டி வைத்திருப்பவர்கள் துடைப்பதற்குக் கிழித்துவிடாமல் துவைத்து எடுத்து வையுங்கள். ஏரல் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புங்கள். கரையைக் கிழிக்க வேண்டாம், அதற்கும் எங்களிடம் வேலை இருக்கிறது.

நன்றியுடன்,
ஏரல் பகுதியிலிருந்து ஒரு தாய்