மரணசாசன வழக்கின் செலவைச் சுமப்பவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சட்டக் கேள்வி பதில் பகுதியில் வாசகி ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். தாயார் எழுதி வைத்த மரணசாசனத்தை (உயிலை) எதிர்த்து வழக்காடி வென்றால், தமக்கு ஏற்படும் செலவு முழுவதையும் தமையனாரிடமிருந்து பெற முடியுமா என்பதே அது. தோற்றவரே வழக்குச் செலவைச் செலுத்த வேண்டும் என்று ஒரே வரியில் பதில் வெளியாகியிருந்தது. அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பித் தாலிக்கொடியையும் காப்பையும் அடகு வைத்து நீதிமன்றம் போகிறவர், வென்ற பிறகும் அடகை மீட்க முடியாமல் நிற்க நேரிடும். காணிக் கிளையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளான எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அப்படி நின்ற குடும்பங்களை நான் அறிவேன். அதனால் இதனைச் சற்று விரிவாக எழுத அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வழக்குச் செலவு பற்றிய விதிகள் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் உள்ளன. யார் யாருக்குச் செலவு கொடுக்க வேண்டும், எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தற்றுணிபு நீதிபதிக்கு உண்டு. பெரும்பாலும் தோற்றவருக்கு எதிராகவே கட்டளை பிறக்கும். ஆனால் அந்தக் கட்டளை கிடைத்ததும், வென்றவர் தம் சட்டத்தரணிக்குக் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வந்துவிடுவதில்லை. அவர் செலவுப் பட்டியல் ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். நீதிமன்றப் பதிவாளர் அதனைச் சட்டத்தில் தரப்பட்டுள்ள அளவுத்திட்டத்தின்படி சரிபார்த்து, அனுமதிக்கத்தக்க தொகையை நிர்ணயிப்பார். வழக்குத் தவணைக்குத் தவணை சட்டத்தரணிக்குக் கொடுத்தது, வெளியூரிலிருந்து மூத்த சட்டத்தரணி ஒருவரை வரவழைத்தது, கையெழுத்தைப் பரிசோதிக்க நிபுணரிடம் அனுப்பியது, சாட்சிகளைக் கூட்டி வந்தது என்று கையால் போன பணத்தோடு ஒப்பிட்டால், அவ்வாறு நிர்ணயிக்கப்படும் தொகை மிகச் சிறியதாகவே இருக்கும். மிகுதி அவரவர் பையிலிருந்து போனதுதான். மாவட்ட நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு, 2006ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர் மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்கும், அனுமதி கிடைத்தால் அதன்பின் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்பதை நினைத்துப் பார்த்தால், வென்றவர் என்று சொல்லப்படுபவர் எத்தனை ஆண்டுகள் கடனோடு காத்திருக்க வேண்டியிருக்கும் என்பது விளங்கும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். ஒரு மரணசாசன வழக்கில் இரண்டு தரப்பினருடைய கைப்பணம் மட்டும் செலவாவதில்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்தும் செலவாகிறது. மரணசாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றவர், அந்தப் பொறுப்பின் பொருட்டு நியாயமாகச் செய்யும் செலவுகளை இறந்தவரின் ஆதனத்திலிருந்து எடுத்துக்கொள்ள உரிமையுள்ளவர். கடன்காரர்களுக்குக் கணக்குத் தீர்ப்பதற்கும் வங்கிப் பணத்தைச் சேர்ப்பதற்கும் அவர் தம் கைக்காசைப் போட வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க முடியாது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், எமது ஊர்களில் நிறைவேற்றுநராக நியமிக்கப்படுபவரும் சொத்தில் பெரும் பகுதியைப் பெறுபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருக்கிறார்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்கு பிள்ளைகளின் தாயார் ஒருவர், 60 இலட்சம் ரூபாய் பெறுமதியான வீடு வளவை மூத்த மகனுக்கு எழுதி, அவரையே நிறைவேற்றுநராகவும் நியமித்து, மீதியான 20 இலட்சம் ரூபாய் வங்கிப் பணத்தை நால்வருக்கும் சமமாகப் பகிர வேண்டும் என்று எழுதி வைத்ததாகக் கொள்வோம். கடைசி மகள் அந்தச் சாசனத்தை எதிர்க்கிறார். மூத்தவர் அதனைக் காப்பாற்ற வழக்காடி, 8 இலட்சம் ரூபாய் செலவை ஆதனத்தின் கணக்கில் எழுதுகிறார். குறித்து எழுதிக் கொடுத்த வீட்டை இந்தச் செலவு தொடாது. அது முதலில் பகிரப்பட வேண்டிய மீதிப் பணத்திலேயே விழும். 20 இலட்சம் 12 இலட்சமாகிறது. ஒவ்வொருவருக்கும் 5 இலட்சத்துக்குப் பதிலாக 3 இலட்சம் மிஞ்சுகிறது. மூத்தவர் தமது 60 இலட்சம் ரூபாய் வீட்டைக் காப்பாற்ற 2 இலட்சம் மட்டுமே கொடுத்திருக்கிறார். வழக்கில் தரப்பாகவே இல்லாத இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு 2 இலட்சம் இழந்திருக்கிறார்கள். எதிர்த்து நின்ற தங்கையோ தம் சட்டத்தரணிக்கு முழுக் கட்டணத்தையும் கொடுத்து, தமக்கு எதிராக வாதாடியவரின் கட்டணத்திலும் கால் பங்கைச் சுமந்திருக்கிறார். இதில் எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தமக்குக் கிடைத்த சொத்தைக் காப்பதற்காக வழக்காடுபவர் தமது பணத்திலேயே வழக்காட வேண்டும் என்பதே சரியான நெறி. அப்படியானால் சாசனத்தை எதிர்ப்பவர் எப்போதும் தமது செலவையே சுமக்க வேண்டுமா? அதுவும் சரியாகாது. இங்கிலாந்தில் 1863இல் தீர்க்கப்பட்ட மிட்செல் எதிர் கார்ட் வழக்கும், 1907இல் தீர்க்கப்பட்ட ஸ்பியர்ஸ் எதிர் இங்கிலிஷ் வழக்கும் தோற்றவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற விதிக்கு இரண்டு விதிவிலக்குகளை வகுத்துள்ளன. சாசனம் எழுதியவரின் நடத்தையே வழக்குக்குக் காரணமாக இருந்தால், செலவை ஆதனத்திலிருந்து கொடுக்கலாம். சாசனம் எழுதப்பட்ட சூழ்நிலை, நியாயமாக எவரையும் விசாரிக்கத் தூண்டக்கூடியதாக இருந்தால், எதிர்த்தவர் தோற்றாலும் மற்றவரின் செலவை அவர் மேல் சுமத்தாமல், அவரவர் செலவை அவரவரே ஏற்கும்படி விடலாம். வேற்று நாட்டுத் தீர்ப்புகளாகிய இவை எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல எனினும், மரணசாசன விடயத்தில் ஆங்கில நியாயங்களை எடுத்துக்காட்டி வாதாடுவது எமது சட்டத்தரணிமாரின் வழக்கமே.

இரண்டாவது விதிவிலக்கு எமது பகுதிக்கு மிகவும் பொருந்தும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி மரணசாசனம் ஒன்று நொத்தாரிசு (உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு, அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகளோடு கையொப்பமிடப்பட வேண்டும். அந்த விதிகள் சரியாகப் பின்பற்றப்பட்டிருக்கலாம். ஆனால் படுத்த படுக்கையில் இருந்த தாயைத் தனியாக வைத்துக்கொண்டு, நொத்தாரிசைத் தாமே அழைத்து வந்து, சாட்சிகளைத் தாமே தெரிவு செய்து, கடைசியில் சொத்தையும் தாமே பெற்ற பிள்ளையிடம் மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பது பேராசையாகாது. வீடு வளவு பெண் பிள்ளைக்கே சீதனமாகப் போகும் தாய்வழி மரபு இன்றும் உயிரோடு இருக்கும் மட்டக்களப்பில், தாய் குடியிருந்த வளவு திடீரென்று ஆண் பிள்ளையின் பெயருக்கு மாறியிருந்தால், அந்தக் கேள்வி இன்னும் இயல்பானது. எமது பகுதியின் பழைய வழக்காற்றுச் சட்டமான முக்குவர் சட்டம் வழக்கொழிந்து, மரபுரிமை பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இப்போது எமக்குப் பொருந்துகிறது என்பதையும், சாசனம் எழுதுபவர் தாம் விரும்பியவருக்குத் தம் சொத்தைக் கொடுக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. (வழக்காற்றுச் சட்டமான தேசவழமை எமக்கும் பொருந்தும் என்று எண்ணி வழக்குத் தொடங்கப் புறப்படுவோர் இன்னும் இருக்கிறார்கள், அது யாழ்ப்பாணத்துக்குரியது.) எனினும் நல்ல நம்பிக்கையோடு விசாரணை கேட்ட ஒரு பிள்ளையைச் செலவுக் கட்டளையால் தண்டிக்கலாகாது.

எனவே, நீதித்துறையினரிடமும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சட்டத்தரணிகளிடமும் என் வேண்டுகோள் இதுதான். சாசனத்தை நிறைவேற்றுபவரே அதன் பிரதான பயனாளியாகவும் இருந்து, அந்தச் சாசனம் எதிர்க்கப்பட்டால், வழக்கு முடியும் வரையில் ஆதனத்துப் பணத்திலிருந்து சட்டத்தரணிக் கட்டணம் எடுப்பதற்கு முன்னர் அவர் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். அத்தகைய கட்டளையை விண்ணப்பித்துக் கேட்பது எதிர்ப்பவரின் சட்டத்தரணி முதல் தவணைகளிலேயே செய்ய வேண்டிய வேலை. அது தவறவிடப்பட்டு, தீர்ப்புக்குப் பிறகு வெறுமையான வங்கிப் புத்தகத்தைப் பார்த்து வருந்துவதில் பயனில்லை. உரித்தாளிகளும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நிறைவேற்றுநர் நீதிமன்றத்தில் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அந்தக் கணக்கைப் பார்வையிட்டு, ஒவ்வொரு செலவையும் ஆட்சேபிக்க உரித்தாளிகளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு.

தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்போதே, சீவிய உருத்தை (சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அந்தக் காணி இறந்தவரின் ஆதனத்தில் சேராது. அந்த உறுதியை எதிர்க்கும் வழக்கில் செலவு தரப்பினரிடையேதான். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொடுக்கப்படும் காணிப் பிரிவினை வழக்கில், நில அளவை முதலான பொதுச் செலவை முதலில் வழக்காளி கட்டி, பின்னர் பங்காளிகளிடமிருந்து அவரவர் பங்கின் விகிதப்படி அறவிடுவது முறை. இல்லாத உரிமையைக் கோரித் தகராறு செய்தவர் அந்தத் தகராறின் செலவைத் தனியே சுமக்க நேரும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதி முஸ்லிம் சகோதரர்களுக்கு முஸ்லிம்களின் மரபுரிமை பற்றிய 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி பங்குகள் வேறாக அமைந்தாலும், செலவு பற்றிய விதிகள் எல்லோருக்கும் ஒன்றே.

பணமில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மத்தியஸ்த சபையில் கட்டணமும் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் உறுதிகளையும் உறவுகளையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் பல இங்கு உள்ளன. இருக்கும் காணித் துண்டின் பெறுமதியை மிஞ்சிய செலவில் அவர்கள் வழக்காடுவதைக் காண்பது மனத்தை மிகவும் வருத்துகிறது.

தங்கள் சட்டப் பகுதியில் அந்த வாசகிக்கு மீண்டும் ஒருமுறை விரிவாகப் பதில் எழுதுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அவர் வழக்குத் தொடங்குவதற்கு முன்னர், கட்டணம் எவ்வளவு வரும் என்பதைத் தம் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவதற்கும், ஆதனத்துப் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை விசாரித்து அறிவதற்கும் அது உதவும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற காணி உத்தியோகத்தர்,
களுவாஞ்சிக்குடி.