ஆங்கில மூலம் எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் தென்னாப்பிரிக்க நாடகக் கட்டுரையில், ‘பெக்கெட்டின் ஆங்கில மூலத்திலிருந்து ஆஃப்ரிகான்ஸுக்குப் போன கோதோ’ என்று ஒரு வரி. சாமுவேல் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம், டச்சிலிருந்து பிறந்த தென்னாப்பிரிக்க மொழியான ஆஃப்ரிகான்ஸுக்குப் போன கதை. அயர்லாந்துக்காரர் என்றால் ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார் என்ற தீர்மானம் போலும். 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில் ரோஜே பிளான் மேடையேற்றியது பிரெஞ்சு நாடகம். 1955 ஆகஸ்டில் லண்டன் பார்த்தது பெக்கெட்டே செய்த மொழிபெயர்ப்பு. தாங்கள் அறியாததல்ல.

ஒரு மொழிபெயர்ப்பு எதிலிருந்து வந்தது என்று பார்க்க இரண்டாம் அங்கத்தைத் திறந்தால் போதும். பிரெஞ்சில், கோதோவுக்காகக் காத்திருக்கும் இருவரில் ஒருவனான விளாதிமிர், தென்பிரான்ஸின் வோக்ளூஸ் பக்கம் ரூசியோனில் பொன்னெல்லி என்பவரிடம் திராட்சை பறித்ததைச் சொல்கிறான். ஆங்கிலத்தில் வோக்ளூஸ், வேறொரு பிரெஞ்சு வட்டாரமான மாக்கோன் ஆகிவிடும். ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் அவனுக்கு நினைவுக்கு வராது, விரலைச் சொடுக்கிவிட்டு நகர்ந்துவிடுவான். அடுத்தது நீ, நீங்கள். பிரெஞ்சில் விளாதிமிரும் அவன் கூட்டாளி எஸ்த்ரகோனும் ‘நீ’ போட்டுப் பேசுவார்கள், வழியில் வரும் போட்ஸோவிடம் ‘நீங்கள்’. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’. ஆஃப்ரிகான்ஸில் நம்மைப் போலவே இரண்டும் உண்டு. ஆங்கிலப் பிரதியை மட்டும் கையில் வைத்திருப்பவர் எங்கே எதைப் போடுவது என்று ஊகிக்க வேண்டியதுதான். இந்த இரண்டு இடங்களையும் ஒப்பிட்டுவிட்டு ‘ஆங்கில மூலம்’ என்று எழுதியிருந்தால் வாதாடவாவது செய்யலாம்.

பெயர் மறப்பது விளாதிமிருக்கு அழகு; பத்திரிகைக்கு? ஆஃப்ரிகான்ஸில் செய்தவர் சூசெட் பிரிட்ஸ். தலைப்பு ‘அஃப்ஸ்ப்ராக் மெட் கோதோ’: கோதோவைச் சந்திக்க நேரம் குறித்தாயிற்று என்கிற பொருள். காத்திருப்பு என்ற சொல்லையே தூக்கிவிட்ட துணிச்சல்! அவர் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை. அரைப் பக்கம் படத்துக்கு.

அந்தப் படமாவது சரியா? 1980இல் கேப் டவுன் பாக்ஸ்டர் அரங்கில் ஜான் கானியும் வின்ஸ்டன் இன்ட்ஷோனாவும் நடித்தது, டொனால்ட் ஹோவர்த் இயக்கியது, ஆங்கிலத்தில். இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளுக்கு நாடகத்தைத் தர மறுத்த பெக்கெட், பாக்ஸ்டர் எல்லாருக்கும் திறந்தது என்பதால் சம்மதித்தார். அதன் கீழே ‘ஆஃப்ரிகான்ஸ் மேடையேற்றம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள்.

தங்கள் இதழில் வரும் அயல்மொழிக் கதைகளுக்கு, மொழிபெயர்த்தவர் பெயரைச் சொல்லும் ‘தமிழில்’ என்ற வரி காணாமல்போய் வெகுகாலமாகிறது. அவை தாமாகவே தமிழில் முளைத்தவை என்று வாசகர் நம்பிக்கொள்ள வேண்டும் போல.

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போதும். சூசெட் பிரிட்ஸ் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடவும்.

— பழைய சந்தாதாரர், மதுரை