நெற்றி விளக்கைத் தாழ்த்துங்கள்: எண்ணூர் விரைவுச் சாலையில் விடியுமுன் ஓடுவோருக்கும் சைக்கிள் மிதிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டக்குழு, சைக்கிள் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். வடசென்னையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை விடியுமுன் நாம் ஓடும் சாலையில் நமக்கு முன்பே பலர் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். மீன் ஏலத்துக்குக் கூடையோடு விரையும் பெண்களும், ஐஸ் பெட்டி ஏற்றிய மூன்று சக்கர மீன்பாடி வண்டிகளும், துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைச் சுற்றிக்கொண்டு நமக்கு எதிரே வருகின்றன. நாம் நெற்றியில் கட்டியிருக்கும் விளக்குகள் அவர்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன என்பதையும், அதை நாமே வீட்டில் சரிசெய்துகொள்ள முடியும் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் முதலில் செய்த விளக்கில் 3 வாட் எல்.இ.டி.யும் குறுகிய கற்றை தரும் லென்சும் இருந்தன. வெகுதூரம் தெரிகிறதே என்ற மகிழ்ச்சியில் அதை நெற்றியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்த ஒரு நாள், எதிரே வந்த மீன்பாடி வண்டிக்காரர் கையால் கண்ணை மறைத்தார். மறுகணம் அவருடைய முன்சக்கரம் ஓரத்து மணல் குவியலில் ஏறி, வண்டி சாய்ந்தது. பெட்டி திறந்து சாலையெங்கும் சிதறிய ஐஸ் துண்டுகள் என் விளக்கொளியிலேயே பளபளத்தன. அவர் திட்டவில்லை. “தம்பி, லைட்ட கீழ பாத்து போடுப்பா, ஒன்னியும் தெர்ல” என்று மட்டும் சொன்னார். பெட்டியைத் தூக்கி வைக்கக் கைகொடுத்துவிட்டு, அன்று விளக்கை அணைத்தபடியே வீடு திரும்பினேன்.

இருளுக்குப் பழகிய கண்ணில் கடும் வெளிச்சம் பட்டால் அது மீண்டும் தெளிய நேரமாகும். வயது ஏற ஏற அந்த நேரமும் நீளும். எதிரே வருபவருக்கு நேரும் இந்தத் துன்பம் ஒருபுறமிருக்க, நெற்றி விளக்கால் சைக்கிள் ஓட்டுபவருக்கும் முழுப் பயன் இல்லை. சாலைப் பள்ளம் நம் கண்ணில் படுவது அதன் நிழலால். விளக்கு கண்ணுக்கு ஒட்டினாற்போல் இருந்தால், விழும் நிழலைப் பள்ளத்தின் விளிம்பே மறைத்துவிடுவதால் மேடும் குழியும் ஒரே தட்டையாகத் தெரிகின்றன. அதே விளக்கை ஹேண்டில்பாரில் பொருத்தினாலோ, ஓடுபவர் இடுப்பு வாரில் மாட்டினாலோ, சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழும். நான் பார்த்தவரை, விளக்கைக் கீழிறக்கியதில் கிடைத்த பயன் வாட்டைக் கூட்டியதில் கிடைக்கவில்லை.

இப்போது நான் பயன்படுத்துவது 1 வாட் எல்.இ.டி. ஒன்றுதான். 350 மில்லி ஆம்பியரில் அது சுமார் 100 லூமன் ஒளி தருகிறது. மின்னோட்டத்தை அந்த அளவில் நிறுத்த ஏ.எம்.சி.7135 என்ற சிறு சில்லு (சிப்) போதும். 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட, 18650 என்ற அளவிலான உருளை வடிவ லித்தியம் செல் ஒன்றைப் போட்டால் ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரியும். எல்.இ.டி.யை அலுமினியத் துண்டின் மேல் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் தடவிப் பொருத்த வேண்டும். சூடு வெளியேறாவிட்டால் ஒளியும் மங்கும், ஆயுளும் குறையும். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் என்ற பொருளைப் பூசிய நீல எல்.இ.டி.; அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் தூக்கலான வெள்ளை எதிரே வருபவர் கண்ணை அதிகம் உறுத்துவதால், சற்று மஞ்சளோடிய வெள்ளையைக் கேட்டு வாங்குங்கள். மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் இரண்டும் கிடைக்கும்.

ஓடுபவருக்கு 60 டிகிரி விரியும் லென்ஸ் நல்லது. மணிக்கு 25 கிலோமீட்டரில் சைக்கிள் மிதிப்பவர் நொடிக்கு ஏழு மீட்டர் கடக்கிறார். பள்ளத்தைக் கண்டு, பிரேக் பிடித்து நிற்க அவருக்குப் பதினைந்து இருபது மீட்டராவது முன்னே தெரிய வேண்டுமென்பதால் 25 டிகிரி அளவிலான லென்ஸ் பொருந்தும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் சிறு துண்டை நீளவாக்கில் பாதியாக அறுத்து, கறுப்பு வண்ணம் பூசி, லென்சின் மேல் கூரைபோல் ஒட்டிவிட்டால் மேலே சிதறும் ஒளி பெருமளவு அடங்கும். பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒளிவட்டத்தின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்வரை சாய்த்து இறுக்குங்கள்.

செல் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுக்கும் செல்களை மல்டிமீட்டரால் அளந்து, 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியவற்றை ஒதுக்கிவிடுங்கள். செல்லின் முனையில் நேரடியாகச் சால்டரிங் வைக்காமல் ஹோல்டரைப் பயன்படுத்துங்கள். பாதுகாப்புச் சுற்று உள்ள சார்ஜிங் பலகை கட்டாயம். நம் பகுதியின் உப்புக்காற்று சால்டர் வைத்த இடங்களை ஒரே பருவத்தில் பச்சை பூக்கச் செய்துவிடுகிறது; நகப்பூச்சை இரண்டு முறை பூசிய பிறகு என் விளக்கில் அந்தத் தொல்லை குறைந்தது.

உங்கள் குழுக்களிடம் நான் வேண்டுவது இதுதான். புறப்படுமுன் இருவர் இருவராகப் பத்தடி தள்ளி எதிரெதிரே நின்று, ஒருவர் விளக்கை மற்றவர் பாருங்கள். முகம் தெரியாத அளவுக்குக் கண் கூசினால் அந்த விளக்கைத் தாழ்த்திய பிறகே கிளம்புங்கள். நெற்றி விளக்கு வேண்டுமென்போர் அதை மங்கலாக வைத்து, நான்கைந்து அடி முன்னால் தரையில் விழும்படி சாய்த்துக்கொள்ளலாம். சால்டரிங் தெரியாதவர்களுக்கு ஞாயிறு மாலைகளில் உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார்.

கூடவே, ஒவ்வொருவரும் தமக்கு ஒரு விளக்கு செய்யும்போது பின்விளக்கில்லாத மீன்பாடி வண்டிக்காரர் ஒருவருக்கும் ஒன்று செய்து கொடுங்கள். மூன்று சிவப்பு எல்.இ.டி.க்கள், ஒவ்வொன்றுக்கும் 100 ஓம் மின்தடை, ஒரு செல், ஒரு சுவிட்ச் போதும். அன்று சாய்ந்த வண்டிக்கு அப்படியொன்றைச் செய்து கொண்டுபோனேன். அவர் அதை வாங்கி, வண்டியின் பின்கட்டையில் வலை நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து, உங்களோடு சைக்கிள் மிதிக்கும் ஒருவர்