கோடியக்கரையை ஒரே கோட்டில் வரைந்துவிடாதீர்கள்
கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள், வரைபடப் பணியில் இருக்கும் அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் வேதாரண்யம் வட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரைக்கு வந்ததும் முழங்கையை மடக்கினாற்போல் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அந்த மடக்குக்குள் கிடக்கும் மண்ணைப் பற்றித்தான் இந்த மடல்.

கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்களை வரைவதும் திருத்துவதும் உங்கள் பொறுப்பு. அந்தத் தாளில் எங்கள் பகுதி எப்படி விழுகிறதோ, அதை வைத்துத்தான் நாளை இங்கே எங்கே சாலை வரலாம், எங்கே பண்ணை வெட்டலாம், எங்கே கட்டடம் எழும்பலாம் என்பது முடிவாகும். நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பகுதியில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒரு துண்டுகூடக் கிடையாது. ஏதோ ஒரு பருவத்தில் வெறுமையாகத் தெரிகிற இடம், அடுத்த பருவத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். ஒரே பருவத்தில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தால் பாதி நிலம் தாளில் காணாமல் போய்விடும்.

மணலிலிருந்து தொடங்குகிறேன். வேதாரண்யத்தைச் சுற்றி மணல் மேடுகள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. சில இடங்களில் மேடு ஏறுகிறோம் என்பது காலுக்குக்கூடத் தெரியாது. இவை எல்லாம் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. சில ஆயிரம் ஆண்டுகளாகக் கடல் விலக விலக, விட்டுச் சென்ற பழைய கரைகளே ஒன்றன்பின் ஒன்றாக மேடுகளாக நிற்கின்றன. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம். மேட்டில் வீடும் தென்னையும் மாவும் சவுக்கும், பள்ளத்தில் நெல். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தேத்தாகுடி பக்கம் விடியலில் முல்லை பறித்து வெயில் ஏறுவதற்குள் வண்டி ஏற்றுகிறார்களே, அந்தச் செடிகள் இந்த மணலை நம்பித்தான் நிற்கின்றன. இந்தப் பகுதியின் புகையிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதே மண்தான்.

மூன்று பக்கம் உப்புத் தண்ணீர் இருக்கும் ஊரில் முல்லை எப்படிப் பூக்கிறது? அதற்கான விடை மணலுக்கு அடியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்பு நீரின்மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, ஆகவே கலந்துவிடாமல் மேலேயே தங்குகிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நன்னீர் தாங்கி நிற்கும். இந்தக் கணக்கு திரும்பியும் அடிக்கும். மேல்மட்டம் நிரந்தரமாக 1 அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்பு காலப்போக்கில் 40 அடி மேலேறும். மணல் மேட்டை வெட்டி லாரியில் ஏற்றினாலும், ஆழ்துளைக் கிணறு போட்டு அளவுக்கு மீறி இறைத்தாலும், மேட்டின் ஓரத்தில் உப்புநீர்க் குட்டை வெட்டினாலும் விளைவு ஒன்றே. அதனால்தான் எங்கள் முன்னோர் ஆழமாகத் தோண்டாமல், ஆழமில்லாத குட்டையும் ஊற்றும் வெட்டி, குடத்தில் மொண்டு செடிக்கு ஊற்றினார்கள். அது ஏழ்மையால் வந்த பழக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்த நிலத்தின் இயல்பு தெரிந்து செய்தது.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். திட்ட வரைபடம் 1:25,000 அளவில் வரையப்படுகிறது. அதில் 1 மில்லிமீட்டர் என்றால் தரையில் 25 மீட்டர். எங்கள் பக்கம் சில மேடுகளின் அகலமே அவ்வளவுதான் இருக்கும். பேனா முனையின் தடிப்பில் ஒரு தெருவின் குடிநீரே மறைந்துபோகும். 2019 ஜனவரி 18-ஆம் தேதியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல் மேடுகளையும் சேற்றுப் பரப்புகளையும் உவர் சதுப்புகளையும் அலையாத்திக் காடுகளையும் முதல் வகையில், கடுமையான பாதுகாப்பில் வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தாளில் ஏறாத மேட்டை எந்த விதி காப்பாற்றும்? உள்ளூர் அளவுக்கான 1:4,000 வரைபடம் என்ற ஏற்பாடு உங்களிடமே இருக்கிறது. இந்த முனைக்கு அந்த அளவில்தான் வரைய வேண்டும். ஒவ்வொரு மேடும், அதன்மேல் இருக்கும் குளமும் குட்டையும் பெயரோடு அதில் இருக்க வேண்டும்.

அடுத்தது சதுப்பு. கோடியக்கரையிலிருந்து மேற்கே அதிராம்பட்டினம் வரை 40 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெரிய உவர் சதுப்பு இது. கடலுக்கும் இதற்கும் நடுவே மணல் திட்டு ஒன்றுதான் தடுப்பு. சித்திரை, வைகாசியில் வெளியூர்க்காரர் ஒருவரை அழைத்து வந்து காட்டினால், வெடித்த சேறும் வெள்ளை பூத்த உப்பும் தவிர ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவரே கார்த்திகையில் வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் நிற்கும். அடப்பாறு, முள்ளியாறு, மானங்கொண்டான் ஆறு, வளவனாறு என்று டெல்டாவின் மிச்ச நீரைச் சுமந்து வரும் வடிகால்கள் எல்லாம் இந்தக் கடைக்கோடிக்கு வந்துதான் கடலைத் தேடுகின்றன. இங்கே தரை ஏறத்தாழச் சமம். ஆற்றின் வேகம் தண்ணீரை நகர்த்துவதில்லை; காற்றும் கடல் ஏற்றமும்தான் நகர்த்துகின்றன. தென்காற்று பலமாக அடித்தால் கடல்நீர் உள்ளே வரும், திசை மாறினால் வடியும். சதுப்பின் நடுவே ஒரு கரை போட்டால் அதன் பலனைத் தலைஞாயிறு, வாய்மேடு பக்கத்து வயல்காரர் அனுபவிப்பார். நெற்பயிர் நாள்கணக்கில் நீரில் கிடக்கும்.

உங்கள் வரைபடத்துக்கு அடிப்படையான உயர் அலைக் கோடு என்பது பெரிய ஏற்றத்தின்போது நீர் எட்டும் இடத்தை வைத்து முடிவாகிறது. கழிமுகங்களிலும் ஓடைகளிலும் கடலின் தாக்கம் எதுவரை என்பதை, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் உப்புத்தன்மை ஆயிரத்தில் 5 பங்கு இருக்கும் இடம் வரை என்று அளக்கிறார்கள். அதுவும் நியாயமான விதியே; வறண்ட காலத்தில் அளந்தால்தான் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறுகிறது என்பது தெரியும். ஆனால் அந்த ஒரு அளவோடு நின்றுவிட்டால், மழைக்காலத்தில் நீர் எந்த வழியாக வடிகிறது, எங்கே தேங்கி எங்கே திறக்கிறது என்பது தெரியாமலே போகும். இங்கே வாய்க்கால் ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் திறப்பதில்லை. ஆகவே இரண்டு பருவத்திலும் வந்து அளவெடுங்கள். மழைக்கால எல்லையையும் தாளில் ஏற்றுங்கள்.

இந்தச் சதுப்பில்தான் வெயில் காலத்தில் உப்பு தானாகவே படியும். ராஜாஜி 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடக்கத் தொடங்கி, 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார். கையால் அள்ளக் கிடைக்கும் உப்பை அள்ளுவதே குற்றம் என்று அன்றைய அரசு சொன்னது. அந்த நடைப்பயணம் இங்கே வந்து முடிந்ததில் இந்த மண்ணின் அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. இன்றும் அகத்தியம்பள்ளி, கடினல்வயல் பக்கம் உப்பளப் பாத்திகளில் வெயிலில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மழைக்காலம் வந்தால் கூலி இல்லை. அவர்கள் கை ஓயும்போது அதே உவர் நிலத்தில் பறவைகள் வந்து இறங்குகின்றன. பூநாரைக்கும் உள்ளான்களுக்கும் ஆழமான நீர் ஆகாது. ஒரு சாண் ஆழத்தில் சேற்றைக் கிளறி இரை தேட வேண்டும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 2002-இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, இது அறிவிக்கப்பட்டது. பரப்பு 38,500 ஹெக்டேர். அதற்கு முன்பே, 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்காடு ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர்தான். வெளிமானும் பாலை மரமும் உள்ள அந்தக் காட்டுக்கு வேலியும் காவலும் உண்டு என்பதால் அதைப் பற்றி நான் அதிகம் எழுதவில்லை. கவலை எல்லாம் வேலி இல்லாத மீதிப் பரப்பைப் பற்றித்தான்.

வெறும் நிலம் என்று நினைத்ததன் விலையை நாங்கள் ஒருமுறை கொடுத்துவிட்டோம். 1990-களில் இந்தக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பரவின. குட்டைகளிலிருந்து கசிந்த உப்பு பக்கத்து வயலையும் கிணற்றையும் கெடுத்தது. காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 டிசம்பரில் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றார். பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென்று தனிச் சட்டமே வந்து, பண்ணைகளுக்கு வேறு வழி திறந்துவிட்டது. உப்பேறிய மணலைக் கழுவ எத்தனை மழை வேண்டும் என்று வயல்காரரைக் கேட்டால் தெரியும்.

மூன்றாவதாகக் கடற்கரை. கோடியக்கரைக் குழகர் கோயிலுக்கு வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் இந்தக் கரையில் அக்கம்பக்கத்தில் குடிகூட இல்லாமல் தனியே இருக்கிறாயே என்று இறைவனிடமே வருந்திப் பாடினார். பங்குனி, சித்திரையில் வந்தால் இன்றும் அப்படித் தோன்றும். ஆனால் ஐப்பசி பிறந்ததும் நாகை, காரைக்கால் என்று பல ஊர்களிலிருந்து மீனவர்கள் குடும்பத்தோடும் படகோடும் வந்து, இந்த மணலில் கொட்டகை போட்டுத் தங்கித் தொழில் செய்வார்கள். வாடை வீசி மற்ற இடங்களில் கடல் கொந்தளிக்கும் நாட்களிலும், கரை மடங்கித் திரும்பும் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கம் கிடைக்கும். காலாவும் வாவலும் திருக்கையும் நண்டும் அங்கேயே ஏலம் போகும். வலை காய்வதும் கருவாடு காய்வதும் அதே மணலில். சீசன் முடிந்து கொட்டகை பிரித்துப் போனபின் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அங்கே மணல் மட்டும்தான் இருக்கும். மீனவர் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் தளங்களையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது 2011 அறிவிக்கையிலேயே இருந்த விதி. நிரந்தர வீடு இருந்தால்தான் மீனவர் இடம் என்று கொள்ளாமல், இந்தத் தங்கல் இடத்தையும் எல்லை போட்டுக் காட்டுங்கள். கொட்டகைகள் காலியாகும் முன்பே, தை மாத வாக்கில், பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் முட்டையிட அதே கரைக்கு வரத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரை ஓரிடத்தில் நிற்பதுமில்லை. வடகிழக்குப் பருவக்காற்றில் வடக்கிலிருந்து இழுத்து வரப்படும் வண்டல், அலை அடங்கிய பாக் நீரிணைப் பக்கம் வந்ததும் படிந்துவிடுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு கடந்து கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்ததை நாடே பார்த்தது. கடற்கரையில் கால் புதையும் சேறு குவிந்து, படகை இறக்க முடியாமல் போனதை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டுவந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 சுனாமியில் இடிந்தது. ஒருமுறை வரைந்த கரைக்கோட்டைப் பல ஆண்டுகளுக்கு அப்படியே வைத்திருப்பது இந்த இடத்துக்குப் பொருந்தாது. பெரும் புயலுக்குப் பிறகு மீண்டும் அளக்க வேண்டும் என்று இந்த முனைக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதிவையுங்கள்.

கடைசியாக, கேட்கும் முறையைப் பற்றி. கோடியக்கரைச் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதிராம்பட்டினத்துக் கரையும் நீரால் ஒன்று. ஆனால் நிர்வாகத்தில் முதலாவது நாகப்பட்டினம் மாவட்டம், இரண்டாவது திருவாரூர், மூன்றாவது தஞ்சாவூர். கருத்துக்கேட்பை மாவட்டம் மாவட்டமாக நடத்தினால் ஒரே சதுப்பு மூன்று கூட்டங்களில் மூன்று துண்டாகப் பேசப்படும். முத்துப்பேட்டையில் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் குறைந்தால் அலையாத்திக் காட்டில் என்ன ஆகும் என்று கேட்க நாகப்பட்டினம் கூட்டத்தில் ஆள் இருக்கமாட்டார். கோடியக்கரையிலிருந்து மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உப்பளத்துக்காரருக்கும் மீனவருக்கும் ஒருநாள் கூலி போய்விடும். எனவே மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரு கூட்டத்தை வேதாரண்யத்திலும் இன்னொன்றை முத்துப்பேட்டையிலும் நடத்துங்கள். மீன் சீசனிலும் உப்பு வாரும் உச்சத்திலும் வேண்டாம். இரண்டுக்கும் இடையில் எந்த வாரம் தோது என்பதை ஊர்ப் பஞ்சாயத்துகளிடமே கேட்டுத் தேதி வையுங்கள். வரைவு வரைபடத்தைத் தமிழில், எங்கள் ஊர், குளம், வாய்க்கால், திட்டுப் பெயர்களோடு, கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். எது விட்டுப்போயிற்று என்பதை எங்கள் ஆட்கள் அதன்மேல் பென்சிலால் குறித்துத் தருவார்கள். அந்தக் குறிப்புகளில் எதை ஏற்றீர்கள், எதைத் தள்ளினீர்கள், ஏன் என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வேதாரண்யம் வட்டத்துக் குடிமகன்